45, 35, 30: அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தின் செக்கன் கணக்கு

1968 மார்ச் 8. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் சார்லட் நகரம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கூடைப்பந்தாட்டத் தொடரொன்றின் அரையிறுதி. டியூக் பல்கலைக்கழகமும் நோர்த் கரோலைனா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. இடைவேளைக்குப் போகும்போது பலகையில் டியூக் 4, ஸ்டேட் 2. 40 நிமிடமும் ஓடி முடிந்தபோது ஸ்டேட் 12, டியூக் 10. எழுத்துப் பிழை இல்லை. இரண்டு அணியும் சேர்ந்து எடுத்ததே 22 புள்ளிகள்தான்.

நடந்தது இதுதான். டியூக் பலமான அணி. அதன் உயரமான வீரர்கள் வளையத்துக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே நுழைவது கடினம். ஸ்டேட் அணியின் பயிற்றுவிப்பாளர் நோர்ம் ஸ்லோன், பந்தை வெளியிலேயே வைத்திருக்கச் சொன்னார். டியூக் வெளியே வந்து பறிக்கவில்லை. இவர்கள் உள்ளே போகவில்லை. ஒருவர் பந்தோடு நிற்க, மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, நிமிடங்கள் ஓடின. விதிப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. மறுநாள் இறுதிப்போட்டியில் இதே ஸ்டேட் அணி, நோர்த் கரோலைனாவிடம் 87க்கு 50 என்று தோற்றது. ஸ்லோன் ஏன் முதல்நாள் பந்தை ஒளித்து வைத்தார் என்பது அந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே விளங்கும்.

நம் பிள்ளைகள் இன்று கைத்தொலைபேசியில் என்.பி.ஏ. ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். வளையத்துக்கு மேலே சிவப்பு நிறத்தில் 24, 23, 22 என்று இறங்கும் மணிக்கூட்டைக் காட்டி "அது என்ன சேர்?" என்று கேட்கிறார்கள். அதுதான் ஷொட் குளொக். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததும் ஓடத் தொடங்கும். அது பூச்சியத்துக்கு வருமுன் பந்தை எறிய வேண்டும். எறிந்த பந்து வளையத்தில் படவாவது வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. இந்த மணிக்கூடு எத்தனை செக்கன் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பத்தாண்டுகள் வாதாடின. கேட்கச் சின்ன விடயம் போலத் தெரியும். பலமில்லாத அணிக்கு வெல்ல வழி இருக்க வேண்டுமா, பந்து யார் கையில் இருக்க வேண்டும், பயிற்றுவிப்பாளருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்விகளெல்லாம் அந்தச் செக்கன்களுக்குள்தான் இருந்தன.

ஒரு சிறு விளக்கம். நம்மூரில் கல்லூரி என்றால் பாடசாலையும்தான். அமெரிக்காவில் 'கொலேஜ் பாஸ்கட்போல்' என்று சொல்வது பல்கலைக்கழக மாணவர்களின் ஆட்டத்தை. ஆகவே குழப்பம் வராமல் பல்கலைக்கழகம் என்றே எழுதுகிறோம்.

இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் ஓர் ஆசிரியர்தான் என்பது நம் தொழிலைச் சேர்ந்தவர்களுக்குச் சந்தோஷமான செய்தி. ஜேம்ஸ் நெய்ஸ்மித், 30 வயது, மசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டில் ஒரு பயிற்சிக் கலாசாலையில் உடற்கல்வி கற்பித்தவர். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் குழப்படி செய்த ஒரு வகுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். 1891 டிசம்பரில் இரண்டு பீச் பழக்கூடைகளை மேலே அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். முதல் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர். அந்த 13 விதிகளில், பந்து கையில் இருக்கும் அணி இத்தனை நேரத்துக்குள் எறிந்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. ஆட வந்தவன் கூடையை நோக்கி எறியத்தானே பார்ப்பான்! எறியாமலே வெல்ல நினைக்கும் ஆட்கள் வருவார்கள் என்று அந்த வகுப்பில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

வந்தார்கள். முன்னால் நிற்கும் அணி பந்தைக் கொண்டு முழு மைதானத்திலும் ஓடித்திரிவதைத் தடுக்க, 1932-33 பருவத்தில் நடுக்கோட்டைப் 10 செக்கனுக்குள் தாண்ட வேண்டும் என்ற விதி வந்தது. தாண்டிய பிறகு? விரும்பிய அளவு வைத்திருக்கலாம். பிரச்சினை பாதி மைதானத்துக்குள் சுருங்கியதே தவிரத் தீரவில்லை.

தொழில்முறை ஆட்டத்துக்கு இது முதலில் நெருப்பாகச் சுட்டது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19க்கு 18 என்று வென்றது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளி அதுதான். லேக்கர்ஸின் 18இல் 15ஐ ஜோர்ஜ் மைக்கன் என்ற ஒரே ஆள் எடுத்தார். பணம் கொடுத்துப் பார்க்க வந்த சனம் இதையா பார்க்கும்? சிரகியூஸ் அணியின் உரிமையாளர் டனி பியாசோன், பந்துருட்டு விளையாட்டு நிலையம் நடத்திய இத்தாலியக் குடியேறி, ஒரு கடைக்கணக்குப் போட்டார். நல்ல ஆட்டங்களில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 தடவை எறிகின்றன. 48 நிமிடம் என்பது 2,880 செக்கன். வகுத்தால் 24. அந்தக் கணக்கில் லியோ ஃபெரிஸுக்கும் பங்கு உண்டு. 1954-55 பருவத்தில் 24 செக்கன் விதி வந்தது. அதற்கு முந்திய பருவத்தில் ஓர் அணியின் சராசரி 79.5 புள்ளி, அந்தப் பருவத்தில் 93.1. சம்பியன் கிண்ணமும் சிரகியூஸுக்கே போனது!

சர்வதேச ஆட்டமும் பின்னாலேயே வந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்கா சோவியத் யூனியனை 36க்கு 25 என்று வென்றதைப் பார்த்த பிறகு, 1956இல் 30 செக்கன் விதி வந்தது. 2000இல் அதுவும் 24 ஆனது. நம் நாடும் அங்கம் வகிக்கும் சர்வதேச சம்மேளனத்தின் விதி இன்றும் அதுதான்.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆண்கள் மட்டும் அசையவில்லை. என்.பி.ஏ.க்குப் பிறகு 31 வருடங்கள் மணிக்கூடு இல்லாமலே ஆடினார்கள். பெண்களின் பல்கலைக்கழக ஆட்டத்தில் 1970களின் தொடக்கத்திலேயே 30 செக்கன் மணிக்கூடு வந்துவிட்டது. அதே பல்கலைக்கழகம், அதே உள்ளக அரங்கு. பின்னேரம் பெண்கள் ஆடும்போது மணிக்கூடு ஓடும், இரவில் ஆண்கள் ஆடும்போது ஓடாது. ஆண்கள் அந்த 30க்கு வந்து சேர்ந்தது 2015இல்.

ஏன் இந்தப் பிடிவாதம்? பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. என்.பி.ஏ.யில் எல்லா அணியிலும் தொழில்முறை வீரர்கள். பல்கலைக்கழகங்களோ நூற்றுக்கணக்கில். ஒன்றில் ஏழடி உயரக்காரர் மூவர் இருப்பார்கள். இன்னொன்றில் ஒருவரும் இருக்கமாட்டார். இப்படியான ஆட்டத்தில் பந்தை மெதுவாக வைத்திருப்பது பலமில்லாதவனின் ஆயுதம்.

வகுப்பறைக் கணக்கில் சொல்கிறோம். ஐந்து கேள்வி கொண்ட சிறு பரீட்சை வைத்தால், வகுப்பின் இருபதாவது பிள்ளையும் சிலவேளை முதல் பிள்ளையை முந்திவிடும். ஐம்பது கேள்வி வைத்தால் அது நடப்பது அபூர்வம். கேள்வி கூடக் கூட உண்மையான கெட்டிக்காரர் மேலே வருவார். கிரிக்கெட்டில் சின்ன நாடுகள் ரி20இல் பெரிய அணிகளை வீழ்த்துவதும், ஐந்து நாள் ஆட்டத்தில் அது இலேசில் நடக்காததும் இதனால்தான். கூடைப்பந்தில் பந்து கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி. மணிக்கூடு நீண்டால் கேள்வி குறையும். மணிக்கூடே இல்லாவிட்டால் 1968 மாதிரி விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். 1973 டிசம்பரில் டென்னசி டெம்பிளை 11க்கு 6 என்று வென்றதும் இதே கதை.

ஆனால் அந்த ஆயுதம் பலமானவர்கள் கைக்கும் போனது. அங்கேதான் வாதம் திரும்பியது. நோர்த் கரோலைனாவின் டீன் ஸ்மித் 'நான்கு மூலை' என்ற முறையைக் கையாண்டார். நான்கு பேர் பாதி மைதானத்தின் நான்கு மூலைகளிலும் நிற்பார்கள். ஐந்தாமவர், அநேகமாகப் பந்தை நன்றாகத் தட்டிப் போகக்கூடிய ஆள், நடுவில். பாதுகாப்பவர்கள் வெளியே வராவிட்டால் நேரம் போகும். வந்தால் வளையத்தடி வெறுமையாகி, இலேசான புள்ளி கிடைக்கும். 1970களில் ஃபில் ஃபோர்ட் நடுவில் நின்று இதை ஆடியபோது எதிரணிகளுக்கு இரண்டு பக்கமும் அடி. இதைச் சோம்பேறி ஆட்டம் என்று சொல்வோரோடு நாம் உடன்படவில்லை. மிகக் கூர்மையான தாக்குதல் முறை அது. ஒரேயொரு குறை, முன்னால் நிற்கும் அணி தாக்காமலே நின்றுவிட அது வசதி செய்து கொடுத்தது. ஸ்மித்துக்கும் எப்போதும் பலித்ததில்லை. 1979இல் டியூக்கோடு இப்படிப் பந்தை வைத்திருந்து, இடைவேளையில் 7க்கு 0 என்று பின்னால் நின்று, 47க்கு 40 என்று தோற்றார்.

பெரிய அடி 1982 மார்ச்சில் விழுந்தது. நோர்த் கரோலைனாவும் வேர்ஜினியாவும் ஆடிய பிராந்திய இறுதிப்போட்டி. ஒரு பக்கம் முதலாம் வருட மாணவர் மைக்கல் ஜோர்டன், இன்னொரு பக்கம் 7 அடி 4 அங்குல ரால்ஃப் சம்ப்சன். நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் போனது. ஒரு புள்ளி முன்னால் நின்ற நோர்த் கரோலைனா, கடைசிக் கட்டத்தில் சுமார் 7 நிமிடம் பந்தை வைத்துக்கொண்டது. முடிவு 47க்கு 45. அமெரிக்காவின் மிகத் திறமையான இளைஞர்கள் பத்துப் பேர், ஆட்டத்தின் உச்சத்தில், ஆடாமல் நின்றதை மில்லியன் கணக்கானோர் பார்த்தார்கள். பலமில்லாதவனுக்கான வழி என்ற நியாயம் அன்று நிற்கவில்லை. நின்றது நாட்டின் முதல்தர அணிகளில் ஒன்று. அதே மாதம் அது தேசிய சம்பியனும் ஆனது. அடுத்த பருவத்திலேயே அந்தப் பிராந்தியம் 30 செக்கன் மணிக்கூட்டைப் பரீட்சித்துப் பார்த்தது.

மணிக்கூடு இல்லாக் காலத்தின் கடைசி ஆட்டம் 1985 ஏப்ரல் 1. தேசிய இறுதிப்போட்டி. முந்திய வருடச் சம்பியன் ஜோர்ஜ்டவுன், அதன் நடுவில் பட்ரிக் யூயிங். எதிரே வில்லனோவா, அந்தப் பருவத்தில் இதே ஜோர்ஜ்டவுனிடம் இரண்டு முறை தோற்ற அணி. பயிற்றுவிப்பாளர் ரொலி மசிமினோவின் பிள்ளைகள் அவசரப்படவில்லை. நல்ல இடம் கிடைக்கும்வரை பந்தைக் கைமாற்றினார்கள். ஆட்டம் முழுக்க அவர்கள் எறிந்தது 28 தடவை மட்டும். அதில் 22 உள்ளே போனது. இரண்டாம் பாதியில் 10க்கு 9. வில்லனோவா 66, ஜோர்ஜ்டவுன் 64. கூடைப்பந்தாட்டம் பற்றி எழுதும் எவரும் இந்த இரவைத் தொடாமல் போவதில்லை. நமக்கும் பிடித்த ஆட்டம். பொறுமையாக ஆடுவது வேறு, ஆட மறுப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அடுத்த பருவம், 1985-86, எல்லோருக்கும் 45 செக்கன் விதி வந்தது.

இனித்தான் சுவாரசியம். மணிக்கூடு வந்ததும் புள்ளிகள் பொங்கி வழியும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். முதல் பருவத்தில் சராசரி ஏறத்தாழ அசையவேயில்லை. ஏற்றம் 1986-87இல் வந்தது. அந்த வருடம் வந்த புது விதி மூன்று புள்ளிக் கோடு, 19 அடி 9 அங்குலத்தில். 45 செக்கன் என்பது ஓர் அணி சாதாரணமாக எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்கும் மேல். அது வேலிதான், சாட்டை இல்லை. 12க்கு 10 போன்ற ஆட்டங்களை ஒழித்தது, அவ்வளவே. அதுவே பெரிய காரியம் என்பது நம் எண்ணம்.

வேகமாக ஆட நினைத்தவனுக்கோ மணிக்கூடே தேவைப்படவில்லை. கலிபோர்னியாவின் லொயோலா மேரிமவுண்ட் என்ற சிறிய பல்கலைக்கழகம், போல் வெஸ்ட்ஹெட்டின் பயிற்சியில், பந்து கிடைத்துச் சில செக்கன்களுக்குள் எறிவதையே கொள்கையாக வைத்திருந்தது. 1989-90 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி. 45 செக்கன் விதியின் கீழ்! இன்றைய 30 செக்கன் அணிகள் எதுவும் அதன் பக்கத்தில் நெருங்குவதில்லை.

1993-94இல் மணிக்கூட்டை 35 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் புள்ளிகள் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? சில வருடங்களில் இறங்கத் தொடங்கின. 1990-91இல் 76ஐத் தாண்டியிருந்த சராசரி, 2012-13இல் 67.5க்கு வந்தது. பல பத்தாண்டுகளில் காணாத வீழ்ச்சி. மணிக்கூடு குறுகியது, புள்ளியும் குறைந்தது. காரணம் வேறிடத்தில் இருந்தது. பாதுகாப்பவர்கள் கையால் பிடித்தும் உடம்பால் தள்ளியும் ஆடினார்கள், நடுவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பயிற்றுவிப்பாளர்கள் ஓரத்தில் நின்று ஒவ்வொரு நகர்வையும் கையசைத்துக் கட்டளையிட்டார்கள். 35 செக்கனில் முதல் 20ஐ வெறுமனே பந்தைச் சுற்றவிட்டுக் கழிப்பது பழக்கமானது.

இடையில் பிரின்ஸ்டனைச் சொல்லாமல் விடக்கூடாது. விளையாட்டுப் புலமைப்பரிசில் கொடுக்காத பல்கலைக்கழகம் அது. பயிற்றுவிப்பாளர் பீட் கரில் 35 செக்கனில் கிடைக்கும் அளவைப் பயன்படுத்தி, வெட்டி ஓடும் வீரனுக்குப் பின்புறமாகப் பாஸ் கொடுக்கும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். 1996 மார்ச்சில் நடப்புச் சம்பியன் யு.சி.எல்.ஏ.யை 43க்கு 41 என்று வீழ்த்தினார்கள். மணிக்கூடு வந்தால் சின்ன அணிகள் செத்துவிடும் என்ற பயத்துக்குக் கிடைத்த பதில் அது.

2013-14இல் கையால் தடுப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். மணிக்கூட்டைத் தொடவேயில்லை, சராசரி 71 அளவுக்கு ஏறியது. அடுத்த வருடம் கண்டிப்புத் தளர்ந்தது, மறுபடி 67.6. ஆகவே 2015-16இல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். மணிக்கூடு 30 செக்கன். நடுவர்களுக்கும் கண்டிப்பான உத்தரவு. சராசரி ஐந்து புள்ளி ஏறி 73ஐ ஒட்டி வந்தது. இதில் மணிக்கூட்டின் பங்கு எவ்வளவு, நடுவரின் பங்கு எவ்வளவு என்று சுத்தமாகப் பிரிப்பது கடினம். ஒரு கணக்கை மட்டும் நாமே போட்டுப் பார்க்கலாம்.

40 நிமிடம் என்பது 2,400 செக்கன். மாற்றத்துக்கு முன் ஓர் அணிக்குச் சுமார் 66 தடவை பந்து கிடைத்தது. இரு அணிக்கும் 132. வகுத்தால் ஒரு தடவைக்கு 18 செக்கன். மாற்றத்துக்குப் பின் சுமார் 69, மொத்தம் 138, ஒரு தடவைக்கு 17.4. மணிக்கூட்டில் 5 செக்கனை வெட்டினார்கள், ஆட்டத்தில் குறைந்ததோ ஒரு செக்கனுக்கும் உள்ளே. ஏனென்றால் பெரும்பாலான தாக்குதல்கள் ஏற்கெனவே 30க்கு முன்னமே முடிந்துவிடுகின்றன. 32, 33 செக்கன் வரை இழுத்த கொஞ்சத்தைத்தான் புது விதி நறுக்கியது. அவசரத்தில் கண்டபடி எறிவார்கள், தரம் கெடும் என்று பயிற்றுவிப்பாளர்கள் பயந்தார்கள். அதுவும் நடக்கவில்லை. ஒரு தடவைக்கு எடுக்கும் புள்ளி குறையாமல் சற்றுக் கூடவே செய்தது. வெட்டப்பட்ட அந்தக் கடைசிச் செக்கன்களில் நல்ல எறிகை அதிகம் பிறந்ததில்லை.

அப்படியென்றால் மெதுவாக ஆடுபவர்கள் ஒழிந்தார்களா? டொனி பென்னட்டின் வேர்ஜினியாவைப் பாருங்கள். 2018-19இல் முதல்தரப் பிரிவின் 353 அணிகளில் ஆகவும் மெதுவாக ஆடிய அணி அது. முந்திய வருடம் முதல் சுற்றிலேயே கடைசித் தரவரிசை அணியான யு.எம்.பி.சி.யிடம் 74க்கு 54 என்று தோற்றுச் சிரிப்புக்கு ஆளாகியிருந்தது. கேள்வி குறைந்த பரீட்சையில் கெட்டிக்காரனும் வழுக்குவான் அல்லவா. 2019 ஏப்ரலில் அதே வேகத்தோடு தேசியக் கிண்ணத்தை வென்றது. இறுதிப்போட்டி மேலதிக நேரத்தில் 85க்கு 77. 30 செக்கன் மணிக்கூடு அவர்களை வேகப்படுத்தவில்லை. 27ஆவது செக்கனில் நிதானமாக எறியக் கற்றுக்கொண்டவர்களுக்கு 30 போதும்.

2019-20இல் இன்னொரு சிறு திருத்தம். எறிந்து தவறிய பந்தை அதே அணி மீட்டால் மறுபடி 30 கிடையாது, 20தான்.

அமெரிக்கப் பாடசாலைகளில் இந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2022-23 பருவத்திலிருந்து விரும்பும் மாநிலங்கள் 35 செக்கன் விதியைக் கொண்டுவரலாம் என்று அனுமதித்தார்கள். சில மாநிலங்கள் கொண்டுவந்தன, பல இன்னும் இல்லை. சொல்லப்படும் காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. இரண்டு மணிக்கூட்டுக்குக் காசு வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் மேசையில் வேண்டும். பந்து வளையத்தில் பட்டதா இல்லையா என்று கண் இமைக்காமல் பார்த்து அழுத்த வேண்டும். சின்னப் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர்கள் 1968இன் நோர்ம் ஸ்லோன் சொல்லியிருக்கக்கூடியதையே இன்றும் சொல்கிறார்கள்.

நம்மைக் கேட்டால், பாடசாலைப் பிள்ளைகளுக்கு 24 வேண்டாம், 35 நல்லது. பதினான்கு வயதுப் பிள்ளை ஐந்து பாஸ் போட்டு ஓர் இடைவெளியைத் தேடிப் பழக நேரம் வேண்டும். மணிக்கூடே இல்லாமல் விடுவதற்கும் நாம் சம்மதமில்லை. பந்து ஒரு பிள்ளையின் கையிலேயே நாலு நிமிடம் நின்றால், மற்ற ஒன்பது பிள்ளைகளும் வெயிலில் நின்றதுதான் மிச்சம். மின்சார மணிக்கூடு இல்லாத மைதானத்தில், மாலைப் பயிற்சிக்கு ஒரு ஸ்டொப் வொட்ச்சும், கடைசிப் பத்துச் செக்கனை உரத்து எண்ண ஒரு பிள்ளையும் இருந்தால் தொடங்கிவிடலாம். அடிபட்டு அன்று விளையாட முடியாத பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.